தேரி மணலுக்கும் கோட்டிங் உண்டு, தெரியுமா?

திசையன்விளைப் பக்கம் போனால் வண்டியை ஓரங்கட்டிவிட்டுத் தேரி மணலை ஒரு கை அள்ளிப் பாருங்கள். குங்குமத்தைக் கொட்டி வைத்த மாதிரி சிவப்பு. அந்தச் சிவப்பு மணலின் சொந்த நிறமே இல்லை, தெரியுமா? உள்ளே இருப்பது கண்ணாடி போன்ற குவார்ட்ஸ். ஒவ்வொரு மணியின் மேலும் ஹேமடைட் என்ற இரும்பு ஆக்சைடு மெல்லிய தோலாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. சாத்தான்குளம், நாசரேத், குதிரைமொழி என்று கண்ணுக்கெட்டிய தூரம் வரை கிடக்கும் அத்தனை மணிகளுக்கும் இயற்கையே போட்டுவிட்ட கோட்டிங்!

இதையெல்லாம் நான் தேடிப் படித்ததற்குக் காரணம் என் அக்கா மகன். வெள்ளை நிறத்தில் புதுக் கார் எடுத்தான். டெலிவரிக்கு இரண்டு நாள் முன்னால் ராத்திரி போன் பண்ணினான். "மாமா, ஷோரூம்ல செராமிக் கோட்டிங் போடச் சொல்லுதாங்க. முப்பதாயிரம் ஆவும்ங்காங்க. போடவா, வேண்டாமா?" ஒரு வார்த்தையில் சொல்ல முடியவில்லை. பொறுடா, பாத்துட்டுச் சொல்லுதேன் என்று வைத்துவிட்டேன். பார்க்கப் பார்க்க, இந்தத் தாமிரபரணிச் சீமை முழுக்கக் கோட்டிங்கால் ஆனது என்று தோன்றிவிட்டது!

முதலில் இதைக் கேளுங்கள். உங்கள் காரின் பெயிண்ட் மொத்தம் எவ்வளவு கனம் தெரியுமா? ஜெராக்ஸ் கடையில் வாங்குகிற ஏ4 தாள் ஒன்றின் கனம்தான்! நூறு மைக்ரானிலிருந்து நூற்று நாற்பது வரை. அந்தத் தாள் கனத்துக்குள் நான்கு அடுக்கு. அடியில் துருவைத் தடுக்கும் பூச்சு. தொழிற்சாலையில் காரின் இரும்புக் கூட்டை அப்படியே பெயிண்ட் தொட்டியில் முக்கி, மின்சாரம் பாய்ச்சி, மூலை முடுக்கெல்லாம் பெயிண்டை இழுத்து ஒட்ட வைக்கிறார்கள். அதன் மேல் பிரைமர். அதன் மேல் நிறம், இது வெறும் பதினைந்து மைக்ரான் அளவுதான். எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாத கிளியர் கோட், நாற்பது மைக்ரான் சொச்சம். நம் தலைமுடி ஒன்றின் கனம் சுமார் எழுபது மைக்ரான். அப்படியானால் காரின் பளபளப்பு முழுக்க ஒரு தலைமுடியைவிட மெல்லிய அடுக்கில்தான் இருக்கிறது! வெயிலைத் தாங்குவது அதுதான். கீறல் விழுவதும் அதில்தான்.

இந்த வேலையெல்லாம் எங்கோ ஸ்ரீபெரும்புதூரில்தான் நடக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்த காலம் போய்விட்டது. 2025 ஆகஸ்டில் வியட்நாமின் வின்ஃபாஸ்ட் நிறுவனம் தூத்துக்குடியில் மின்சாரக் கார் ஆலையைத் திறந்தது. பொதிகையில் பிறந்த தாமிரபரணி புன்னைக்காயலில் கடலைத் தொடுகிற அதே மாவட்டத்தில்!

சரி, அந்த நாற்பது மைக்ரானைக் காப்பாற்றத்தானே செராமிக்? கடையில் "9ஹெச் கடினம் அண்ணாச்சி, வைரம் மாதிரி நிக்கும்" என்பார்கள். அந்த ஹெச் எங்கிருந்து வந்தது தெரியுமா? பென்சிலிலிருந்து! பள்ளிக்கூடத்தில் வாங்கினோமே, ஹெச்பி, 2பி என்று, அதே பென்சில்தான். பூச்சின் மேல் பென்சிலை 45 டிகிரி சாய்த்து, முக்கால் கிலோ எடையை ஏற்றித் தள்ளிப் பார்ப்பது ஒரு சோதனை. எந்தப் பென்சில் வரை கீறல் விழவில்லையோ அதுதான் அந்தப் பூச்சின் கடினம். 9ஹெச் என்றால் அந்தச் சோதனைக்குரிய பென்சில்களிலேயே கடினமானதற்கும் அசையவில்லை என்று பொருள். பெருமைதான். ஆனால் பென்சில் என்பது களிமண்ணும் கிராஃபைட்டும். நம் ஊர்க் காற்றில் பறப்பது பென்சில் தூள் இல்லையே, குவார்ட்ஸ் அல்லவா! கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் வைரம் பத்து, குவார்ட்ஸ் ஏழு, ஜன்னல் கண்ணாடி ஐந்தரை. கண்ணாடியையே கீறுகிற மணல் அது. தேரிக்காட்டில் கிடைத்த ஆதிமனிதரின் குறுங்கற்கருவிகளைப் பற்றி ஜ்யூனரும் ஆல்சினும் 1956ல் விரிவாக எழுதினார்கள். அந்தக் கருவிகளில் பல குவார்ட்ஸில் செய்தவை. இரும்பு வருவதற்கு முன் நம் மூதாதையர் கையில் கத்தியாக இருந்த பொருள்தான் இன்று நம் பானெட்டில் தூசியாகப் படிகிறது!

இதை நான் கண்ணாலேயே பார்த்தேன். சில வருஷத்துக்கு முன் என் பழைய காருக்குச் செராமிக் போட்டேன். அழகாகத்தான் போட்டுக்கொடுத்தார்கள். ஒரு ஆடி மாதம் உவரி போய்விட்டுத் திரும்பி, வழியில் ஒரு வாட்டர் வாஷ் கடையில் விட்டேன். அவசரம் போல; தண்ணீர் அடிக்கும் முன்னாலேயே காய்ந்த மஞ்சள் துணியை எடுத்துப் பானெட்டை வட்டம் வட்டமாகத் துடைத்துவிட்டார் பையன். அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. ராத்திரி வீட்டு வாசலில் செல்போன் டார்ச்சை அடித்துப் பார்த்தபோது நெஞ்சு பதறியது. வெளிச்சத்தைச் சுற்றிச் சிலந்தி வலை விரித்த மாதிரி நூற்றுக்கணக்கான மெல்லிய வளையக் கீறல்கள். டார்ச்சை நகர்த்தினால் வலையும் கூடவே நகர்கிறது. மேலே இருந்த கோட்டிங் எவ்வளவு கனம் தெரியுமா? ஒன்றிரண்டு மைக்ரான்தான்! தலைமுடியை நீளவாக்கில் நாற்பது கூறாகக் கிழித்தால் ஒரு கூறு. அதை உப்புத்தாளால் தேய்த்தது மாதிரி ஆகிவிட்டது.

உப்புத்தாள் என்று நான் மிகைப்படுத்தவில்லை. நம் கடற்கரை மணலில் இருக்கும் கார்னெட் என்ற சிவப்புக் கனிமத்தை உலகம் முழுக்க எதற்கு வாங்கினார்கள் தெரியுமா? இரும்பில் படிந்த துருவையும் பழைய பெயிண்டையும் அடித்து உரிப்பதற்கு! நீரோடு கலந்து பீய்ச்சி இரும்புத் தகட்டையே வெட்டுவதற்கு! 2013ல் தமிழக அரசு தாது மணல் எடுக்கத் தடை போடும் வரை திருநெல்வேலி, தூத்துக்குடிக் கரைகளிலிருந்து அது கப்பல் ஏறியது. அதே கரையின் கருமணலில் இல்மனைட் இருக்கிறது. இல்மனைட்டைப் பக்குவம் செய்தால் டைட்டானியம் டைஆக்சைடு. வெள்ளைப் பெயிண்டுக்கு வெள்ளை தருவது அதுதான்! காருக்கு நிறம் கொடுக்கிற கனிமமும் அந்த நிறத்தைச் சுரண்டுகிற கனிமமும் ஒரே கரையில், ஒரே அலை ஒதுக்கிய மணலில் கிடக்கின்றன. இதைப் படித்த அன்றைக்கு எனக்குத் தூக்கமே வரவில்லை.

செராமிக் வீண் என்று நினைத்துவிடாதீர்கள். அதன் மெய்யான வித்தை வேறு. தாமரை இலைத் தண்ணீர் என்று சொல்கிறோமே, அந்த வித்தை. தாமரை இலையில் கண்ணுக்குத் தெரியாத மேடுகள், ஒவ்வொரு மேட்டின் மேலும் மெழுகு. துளி மேடுகளின் உச்சியில் மட்டும் உட்கார்ந்து, முத்தாக உருண்டு, போகிற வழியில் தூசியையும் கூட்டிப் போகிறது. ஜெர்மனியின் பார்த்லாட்டும் நைன்ஹுயிஸும் 1997ல் இதை விளக்கி எழுதிய பிறகு உலகமே தாமரை விளைவு என்று பேச ஆரம்பித்தது. நம் பாட்டிகள் சேம்பு இலையில் தண்ணீரை உருட்டி விளையாட்டுக் காட்டியதும் இதுதானே! துளி எவ்வளவு உருண்டையாக நிற்கிறது என்பதைக் கோணத்தால் அளப்பார்கள். தாமரை இலையில் நூற்றைம்பது டிகிரிக்கும் மேல். நல்ல செராமிக் கோட்டிங்கில் நூறு, நூற்றுப் பத்து. இலையை எட்ட முடியாது. ஆனாலும் சேறு ஒட்டாது, கழுவுகிற நேரம் பாதியாகும், பளபளப்பு ஆழமாகத் தெரியும். இவ்வளவும் உண்மை.

இங்கேதான் ஒரு கண்ணி. துளி உருண்டு ஓடிவிட்டால் சரி. பானெட்டில் நின்று வெயிலில் காய்ந்துவிட்டால்? தண்ணீர் ஆவியாகும், அதில் கரைந்திருந்த சுண்ணாம்பு மட்டும் வட்டமாக மிஞ்சும். சட்டையில் சிந்திய மோர் மாதிரி வெள்ளை வளையம், ஒன்றிரண்டு இல்லை, துளிக்கு ஒன்று! முத்து முத்தாக நிற்கும் அதே குணம் வளையத்தை இன்னும் அழுத்தமாகப் பதிக்கிறது. உப்புச் சுவை தட்டும் போர்த் தண்ணீரில் வண்டி கழுவுகிறவர்கள் சித்திரை வெயிலில் கழுவினால் கோட்டிங் போடாத காரைவிடப் போட்ட கார் அசிங்கமாகலாம். அல்வாவின் ருசியே ஆற்றுத் தண்ணீரில்தான் என்று நாம் சொல்கிறோமே, காருக்கும் அதே கணக்கு. குழாயில் வரும் தாமிரபரணித் தண்ணீர், நிழல், உடனே துடைக்க ஒரு மைக்ரோஃபைபர் துணி. இந்த மூன்றும் இருந்தால் செராமிக் கொடுத்த காசுக்கு உழைக்கும். இல்லாவிட்டால் நான் போடச் சொல்ல மாட்டேன்.

வாக்ஸ் பழைய சங்கதி என்று ஒதுக்குகிறார்கள். அது எந்த மரத்திலிருந்து வருகிறது தெரியுமா? பனையின் பங்காளியிடமிருந்து! பிரேசிலின் வடகிழக்கில் கர்னாபா என்று ஒரு விசிறி மட்டைப் பனை. வறண்ட காற்றில் இலையின் ஈரம் போகாமல் இருக்க மெழுகைத் தானே பூசிக்கொள்கிறது. இலையைக் காயவைத்துத் தட்டினால் மெழுகு உதிரும். எண்பது டிகிரி தாண்டினால்தான் உருகும். பனைக்குப் பேர்போன உடன்குடிக்காரர்கள் அந்த மரத்தைப் பார்த்தால் சொந்தக்காரனைப் பார்த்த மாதிரி கட்டிப்பிடித்துக்கொள்வார்கள். சில நூறு ரூபாய்க்கு ஒரு டப்பா, வீட்டிலேயே போடலாம், சில வாரமோ சில மாதமோ நிற்கும். மெழுகு கரைந்தால் மறுபடி போட்டுக்கொள்ளலாம்.

டெஃப்ளான் கோட்டிங் என்று சில ஆயிரத்துக்குக் கேட்கிறார்களே, அதைக் கொஞ்சம் யோசியுங்கள். 1938ல் டியூபான்ட் நிறுவனத்தின் ராய் பிளங்கெட் தற்செயலாகக் கண்டுபிடித்த பொருள் அது. எதுவும் ஒட்டாது என்பதுதான் அதன் புகழ். எதுவும் ஒட்டாத பொருள் காரில் மட்டும் எப்படி ஒட்டும்? தோசைச் சட்டியில் ஒட்ட வைக்க 327 டிகிரிக்கும் மேலே சூடேற்றி உருக்குகிறார்கள். அந்தச் சூட்டைக் காரின் பெயிண்ட் தாங்காது. ஆகவே காரில் பூசும் டெஃப்ளான் பாலிஷில் வேலை செய்வது பெரும்பாலும் கூடக் கலந்திருக்கும் மெழுகும் பிசினும்தான்.

நம் வீட்டு இரும்புத் தோசைக்கல்லில் இருப்பது அதைவிட நேர்மையான கோட்டிங்! நல்லெண்ணெய் தடவித் தடவிப் பழக்குகிறோமே, அந்த எண்ணெய் சூட்டில் இறுகிக் கறுப்புத் தோலாக மாறிவிடுகிறது. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் தெருவில் வந்த காலம் நினைவிருக்கிறதா? துருத்தி ஊதி, பாத்திரத்தைக் காயவைத்து, நவச்சாரத்தைத் தூவுவார். குப்பென்று வெள்ளைப் புகை. ஈயத்தை ஒரு இழுப்பு இழுத்துத் துணியால் துடைத்தால் மஞ்சள் பித்தளை வெள்ளி மாதிரி மாறும். அது காரீயம் இல்லை, வெள்ளீயம். 232 டிகிரியில் உருகிவிடும். புளிக்குழம்பு பித்தளையைத் தொடாமல் காத்தது அந்த மெல்லிய தோல். தேய்ந்தால் களிம்பு ஏறும், மறுபடி பூச வேண்டும். நிரந்தரம் என்று அந்த மனிதர் ஒருநாளும் சொன்னதில்லை. அம்பாசமுத்திரத்தில் பழைய முறையில் செய்யும் மரச் சொப்புச் சாமானுக்கு பெயிண்ட் பிரஷ் தேவையில்லை என்பது தெரியுமா? கடைசல் இயந்திரத்தில் சுற்றும் மரத்தின் மேல் அரக்குக் குச்சியை அழுத்துகிறார்கள். உராய்கிற சூட்டிலேயே அரக்கு இளகி மரத்தில் ஏறிவிடுகிறது. பூச்சியின் பிசின், மரம், உராய்வு, அவ்வளவுதான்!

இனி பிபிஎஃப். பெயிண்டின் மேல் ஒட்டும் கண்ணுக்குத் தெரியாத பாலியூரித்தேன் படலம். விலையைக் கேட்டால் மலைப்பு வரும். முழுக் காருக்கு ஒரு லட்சத்தைச் சாதாரணமாகத் தாண்டும். இது எங்கே பிறந்தது தெரியுமா? வியட்நாம் போரில்! ஹெலிகாப்டர் இறக்கைகளைக் கல்லும் மண்ணும் அரித்துத் தள்ளியதால் அவற்றின் மேல் ஒட்டப் படலம் செய்தார்கள். அங்கிருந்து பந்தயக் கார், அங்கிருந்து நம் கார். இன்றைக்கும் அதன் இன்னொரு தம்பி நம் தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருக்கிறான்! 1986ல் நாட்டின் முதல் காற்றாலைப் பண்ணைகளில் ஒன்று தூத்துக்குடிப் பக்கம் வந்தது. இன்று கயத்தாற்றில் காற்றாலைச் சோதனை நிலையமே இருக்கிறது. ராதாபுரம், முப்பந்தல் பக்கம் போனால் எண்ணி மாளாது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்கிற பூமி அல்லவா. மெதுவாகச் சுற்றுவது போலத் தெரியும் அந்த இறக்கையின் நுனி மணிக்கு 250 கிலோமீட்டருக்கும் மேல் பாய்கிறது. அந்த வேகத்தில் மழைத்துளியே உளி. அதனால் இறக்கையின் முன் விளிம்பில் பாலியூரித்தேன் படலம் ஒட்டுவது உலகெங்கும் உள்ள வழக்கம்.

செராமிக் ஒன்றிரண்டு மைக்ரான் என்றேனே, பிபிஎஃப் நூற்றைம்பது முதல் இருநூறு! காரின் மொத்தப் பெயிண்டைவிடக் கனம். நாற்கரச் சாலையில் ஜல்லி லாரிக்குப் பின்னால் போகும்போது சுள்ளென்று ஒரு கல் வந்து அடிக்கிறதே, அதை வாங்கிக்கொள்ளும் சக்தி இதற்குத்தான் உண்டு. நல்ல ரகத்தில் மெல்லிய கீறல் விழுந்தால் சூட்டில் தானே மூடிக்கொள்ளும். மற்ற ஊர்க்காரர்கள் வெந்நீர் ஊற்றுகிறார்கள். நமக்கு மே மாத வெயில் போதும்.

பெயிண்டின் எதிரி கல் மட்டும் இல்லை. கூந்தன்குளத்தைச் சொல்லாமல் முடியாது. வரித்தலை வாத்தும் பூநாரையும் வந்து இறங்கும் ஊர். மஞ்சள்மூக்கு நாரைகள் ஊருக்குள் வீட்டு மரங்களிலேயே கூடு கட்டும். பறவைகள் மிரளக் கூடாதென்று தீபாவளிக்குக்கூட அந்த ஊரில் வெடி போடுவதில்லை. எச்சம் விழுந்த குளத்து வண்டலை வயலுக்கு உரமாகப் போடுவார்கள். மண்ணுக்குப் பொன்னாக இருக்கும் அதே எச்சம் கார் மேல் விழுந்தால்? வெயிலில் கிளியர் கோட் இளகி விரிகிறது, எச்சம் காய்ந்து இறுகுகிறது, சாயங்காலம் பெயிண்ட் சுருங்கும்போது எச்சத்தின் மேடு பள்ளம் அப்படியே அச்சாகப் பதிந்துவிடுகிறது. செராமிக் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். அவ்வளவுதான். நான் அங்கே போகும்போது காரை ஊருக்கு வெளியே வெட்டவெளியில் விட்டுவிட்டு நடந்து போகிறேன். மரம் அவற்றுக்குரியது.

பெயிண்டுக்கு அடியில் இருக்கும் இரும்பைப் பற்றியும் ஒரு வியப்பு. தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 2025 ஜனவரியில் வெளியிட்ட ஆய்வு, சிவகளையில் இரும்பின் காலத்தை பொ.மு. 3345 வரை கொண்டுபோனது. ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்த ஆற்றங்கரையில் இரும்பு! ஆதிச்சநல்லூர்த் தாழிகளோடு கிடைத்த இரும்பு வாளும் ஈட்டியும் துருவேறித்தான் வந்தன. உப்பளக் காற்றில் காரின் அடிப்பகுதிக்கும் அதே விதிதான். மேலே போடும் எந்தப் பளபளப்புக் கோட்டிங்கும் அடியில் ஏறும் துருவை நிறுத்தாது. கடற்கரைப் பக்கம் அடிக்கடி போகிறவர்கள் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் அடித்துக் கழுவுவதுதான் முதல் மருந்து.

2023 டிசம்பர் வெள்ளத்தை யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே நின்றுபோனது. பளபளவென்று கோட்டிங் போட்ட கார்களும் போடாத கார்களும் ஒரே சேற்று நிறத்தில் நின்றன. இன்ஜினுக்குள் தண்ணீர் போன காரை ஸ்டார்ட் பண்ணினால் இன்ஜினே உடையும். சாதாரண இன்ஷூரன்ஸில் அந்தச் செலவு பெரும்பாலும் கிடைக்காது. இன்ஜின் பாதுகாப்பு என்று தனியாகச் சேர்க்க வேண்டும். ஆற்றங்கரைத் தெருவில் வீடு இருப்பவர் யாராவது என்னைக் கேட்டால், கோட்டிங்குக்கு எடுத்து வைத்த காசில் முதலில் அதைச் சேருங்கள் என்றுதான் சொல்வேன். அக்கா வீடு அப்படிப்பட்ட தெருவில்தான் இருக்கிறது.

இதையெல்லாம் எழுதி வைத்துக்கொண்டு அக்கா மகனைக் கூப்பிட்டேன். தினமும் நாகர்கோவில் சாலையில் போய் வருகிறவன், ஜல்லி லாரிக்குத் தப்ப முடியாது. ஆகவே முன் பம்பர், பானெட்டின் முன் பாதி, சைடு மிரர் இரண்டுக்கும் மட்டும் பிபிஎஃப். செராமிக் வேண்டாம், வீட்டில் போர்த் தண்ணீர், வெட்டவெளி பார்க்கிங். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வாக்ஸ். மிச்சப் பணத்தில் இன்ஜின் பாதுகாப்பும், வாசலில் தகரக் கொட்டகையும். "நெல்லையப்பர் கோயில் தேரையே வெயில்ல காய விட மாட்டோம்லா, காரை மட்டும் விடலாமாடா?" என்றேன். கேட்டுக்கொண்டான்.

"அப்போ ஞாயித்துக்கிழமை குறுக்குத்துறையில இறக்கிக் கழுவிக்கிடுதேன் மாமா" என்றான். அங்கே மட்டும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. குறுக்குத்துறை தாமிரபரணிப் படித்துறை. திருநெல்வேலி, தூத்துக்குடி இரண்டு மாவட்டமும் குடிக்கிற தண்ணீர் அது. காரின் எண்ணெயும் ஷாம்பூவும் கலக்க வேண்டிய இடமா? ஆற்று மணலில் நனைத்த துணியால் துடைத்தால் பெயிண்டும் போகும் என்றேன். வாசலில் இரண்டு வாளி வைக்கச் சொன்னேன். ஒன்றில் ஷாம்பூ, ஒன்றில் துணி அலச வெறும் தண்ணீர், வெயில் ஏறும் முன்னால். போன ஞாயிறு போயிருந்தேன். காலை ஆறரை மணி. அலசிய வாளியைச் சாய்த்துக் காட்டினான். அடியில் ஒரு கரண்டி அளவு சிவப்பு மணல் படிந்திருந்தது.